விண்ணப்பத்தில் இரவு ஒன்பது மணி எங்கே?

கடந்த பாடசாலை விடுமுறையில் ஒரு வாரமாக எங்கள் இஸ்தோப்பில் ஒரு காகிதக் கட்டு கிடந்தது. கொழும்பில் உள்ள ஒரு நிதியம் அனுப்பியது. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் வேலைத்திட்டங்களுக்குப் பணம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் அவை. தோட்டப் பகுதி விண்ணப்பங்களைப் படித்துப் புள்ளி போடுவதற்கு மலையகத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் வாசிப்பேன் என்பதால் சங்கம் என் பெயரைக் கொடுத்துவிட்டது.

இரண்டாம் நாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா டீச்சர், பரீட்சைத் தாளா?"

"இல்லக்கா. பொம்பளைங்கள அடிக்கிறத நிப்பாட்ட காசு கேட்டு எழுதியிருக்காங்க."

"எவ்வளவு கேக்குறாங்க?"

மேலே இருந்த தாளைப் புரட்டித் தொகையைச் சொன்னேன். மில்லியன் கணக்கில் இருந்தது. அக்கா கூடையை இறக்கி வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சரி, அந்தக் காசு வந்திருச்சுன்னு வையுங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு நான் எங்க போறது?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஒன்பது மணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். அன்றிரவு முதலிலிருந்து எல்லா விண்ணப்பங்களையும் மறுபடி எடுத்து, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடினேன். ஒன்றே ஒன்றைத் தவிர எதிலும் பதில் இல்லை.

பணம் வருவதில் எனக்கு மறுப்பில்லை

உதவிப் பணமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கென்று ஐக்கிய நாடுகள் சபை 1996இல் ஒரு நிதியம் அமைத்தது. பல நாடுகளிலிருந்தும் அதற்கு விண்ணப்பங்கள் போகின்றன. சிறிய அமைப்புகளுக்கென்று சிறிய தொகை கொடுக்கும் வகையும் அதில் உண்டு. நம் நாட்டிலும் தூதரகங்கள், திருச்சபைகள், தனியார் நிதியங்கள் பணம் கொடுக்கின்றன. தேவையும் இருக்கிறது. புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, ஐந்து பெண்களில் ஒருவர் தன் வாழ்நாளில் கணவனிடமோ துணைவனிடமோ அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார். ஒரு லயத்தின் காம்பராக்களை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஐந்துக்கு ஒன்று.

இந்தப் பணம் எந்தத் தாளைப் பார்த்து வருகிறது, அந்தத் தாளுக்கு யார் புள்ளி போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் ஆசிரியை. புள்ளித் திட்டம் எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். கட்டுரையில் கையெழுத்துக்குப் பத்துப் புள்ளி என்றால் பிள்ளைகள் கையெழுத்தை அழகாக்குவார்கள். கருத்துக்கு இரண்டு புள்ளி என்றால் கருத்தை விட்டுவிடுவார்கள். எனக்கு அனுப்பிய புள்ளித் திட்டத்தில் கணக்காய்வு அறிக்கைக்குப் புள்ளி இருந்தது. முன் அனுபவத்துக்கு இருந்தது. எத்தனை பேர் பயிற்சி பெறுவார்கள் என்ற எண்ணிக்கைக்கு இருந்தது. அடி வாங்கிய பெண்ணுக்கு அன்றிரவு என்ன நடக்கும் என்பதற்குப் புள்ளி இல்லை. ஆகவே விண்ணப்பம் எழுதியவர்களும் அதை எழுதவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்தத் தாள்களில் நான் பார்த்தவை

அநேகமாக எல்லாவற்றிலும் செயலமர்வு இருந்தது. "தோட்டப் பெண்களுக்கு வன்முறை பற்றிய விழிப்புணர்வு இல்லை" என்று ஆரம்பித்து, தோட்ட மண்டபத்தில் ஐம்பது பேரை உட்கார வைத்து விளக்குவது வரை எழுதியிருந்தார்கள். தோழியரே, அடி என்றால் என்ன என்று அடி வாங்குகிறவளுக்கா விளங்கப்படுத்த வேண்டும்? அதுவும் வேலை நாளில் நடந்தால் அவளுக்கு ஒரு பேர் போகும். ஞாயிற்றுக்கிழமை நடந்தால் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் இருக்கும் ஒரே நாள் போகும். சோற்றுப் பார்சலும் படம் பிடிப்பதும் முடிந்தால் ஐம்பது பேர் "பயனாளிகள்" ஆகிவிடுவார்கள்.

காரணம் என்ற இடத்தில் எல்லோரும் சாராயத்தை எழுதியிருந்தார்கள். சாராயமும் கசிப்பும் நம் குடும்பங்களைத் தின்கின்றன, அதில் சந்தேகமில்லை. சம்பள நாளில் தவறணை வாசலைப் பார்த்தால் போதும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். எவ்வளவு குடித்தாலும் நம்மவர் துரையை அடிப்பதில்லை, கணக்கப்பிள்ளையை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற நிதானம் அந்தப் போதையிலும் இருக்கிறது. குடிக்காமலேயே அடிக்கிறவர்களையும் நமக்குத் தெரியும். குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடும் என்று எழுதியவர்கள் லயத்தில் ஒரு வாரம் தங்கியிருக்க மாட்டார்கள்.

செலவுப் பக்கத்தையும் பார்த்தேன். வாகன வாடகை, ஆலோசகர் கட்டணம், நுவரெலியாவில் ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி, சுவரொட்டி, இறுதி அறிக்கை. இரவில் ஒரு பெண்ணை நோர்வூட் சந்திக்குக் கொண்டுவர ஆட்டோ கூலி என்று ஒரு வரியும் இல்லை.

இன்னொன்றையும் காணவில்லை. மலையில், நிரையில், மடுவத்தில் நடக்கும் தொந்தரவு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாயால் சொல்வது, பேர் போடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்பது எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஏன் எழுதவில்லை? தோட்டத்துக்குள் வேலைத்திட்டம் செய்வதற்கு நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் கொடுக்கிறவரை முகம் சுளிக்க வைக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் வன்முறை என்றால் லயத்துக்குள் நம் ஆண்கள் செய்வது மட்டும் என்று ஆகிவிடுகிறது.

கென்யாவிலும் தேயிலைதான். 2023 பெப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள், யுனிலீவர், ஜேம்ஸ் ஃபின்லே ஆகிய கம்பனிகள் பல வருடங்கள் நடத்திய தோட்டங்களில் மேலாளர்கள் தங்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியதாகச் சொன்னார்கள். யுனிலீவர் மேல் பத்து வருடங்களுக்கு முன்பே இதே மாதிரிக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அப்போது கம்பனி, இதைப் பொறுத்துக்கொள்ளவே மாட்டோம் என்று கொள்கை அறிவித்து, முறைப்பாடு செய்ய ஒரு வழியும் ஏற்படுத்தியது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. முறைப்பாடு கேட்க வேண்டிய இடத்திலும் வேலை கொடுக்கும் இடத்திலும் இருக்கிறவர்களிடம் எழைத் தொழிலாளி எதைச் சொல்ல முடியும்? நம் நாட்டில் 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தளத்தில் செய்வதும் அதில் அடங்கும். நான் படித்த விண்ணப்பங்கள் ஒன்றிலும் அந்த எண் இல்லை.

பதில் இருந்த ஒரு தாள்

ஒன்றே ஒன்றில் பதில் இருந்தது என்றேன். சில தோட்டங்களைச் சேர்ந்த பெண்கள் சேர்ந்து எழுதிய விண்ணப்பம் அது. தமிழில் எழுதி, யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் மாற்றியிருந்தார்கள். ஆங்கிலம் சுமார்தான். அவர்கள் கேட்டது: ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பெண்களுக்குத் தொலைபேசி ரீலோட். இரவில் கூப்பிட்டால் வர ஒத்துக்கொண்ட ஆட்டோக்காரர்களுக்குக் கூலி. டவுனில் ஒரு அறைக்கு மாத வாடகை, பாய், போர்வை, பிள்ளைக்குப் பால்மா. பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் நாளில் இழக்கும் சம்பளம். சிங்களத்தில் எழுதும் முறைப்பாட்டைத் தமிழில் வாசித்துக் காட்ட ஒருவர்.

கடைசி விஷயத்தை யார் எழுதியிருந்தாலும், அவர் ஒரு நாள் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். தான் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட பெண்கள் நம்மில் எத்தனை பேர்!

நான் அதற்கு முழுப் புள்ளி போட்டேன். குழு கூடிய அன்று அது கீழே கிடந்தது. மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை இல்லை, பதிவுச் சான்றிதழ் பழையது, எதிர்பார்க்கும் பயனாளிகள் எண்ணிக்கை குறைவு. நான் வாதாடினேன். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அமைதியாகக் கேட்டார்கள், நல்ல விண்ணப்பம் என்றுகூடச் சொன்னார்கள். விதி விதிதான் என்று முடிந்தது. அடுத்த முறை சிறிய அமைப்புகளுக்கு வேறு விதி வைக்க யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். யோசிக்கட்டும், நானும் விடப்போவதில்லை.

சட்டம் இருக்கிறது, வழியில் விழுந்துவிடுகிறோம்

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் எல்லோருக்கும் உரியது. அடி வாங்கியவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை. விசாரித்த பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. அடித்தவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் சொல்லலாம்.

இனி நோர்வூட்டிலிருந்து பாருங்கள். இரவு பஸ் இல்லை. மறுநாள் பொலிசுக்குப் போனால் ஒரு பேர் போச்சு. நீதிமன்றம் ஹட்டனில். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர். கட்டளை கிடைத்தாலும் எந்த வீட்டுக்கு? லயக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை. தோட்டத்துக்குச் சொந்தம். அவன் வெளியே போனாலும் அடுத்த காம்பராவில் அவன் அண்ணன், அதற்கடுத்ததில் மாமியார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் சட்டம் எங்கே நிற்கும்? இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் பணம் வேண்டும். பெண்கள் சேர்ந்து எழுதிய அந்த விண்ணப்பம் கேட்டதும் இதைத்தான்.

இப்போது நம் பக்கம்

நிதியத்தை இவ்வளவு சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது நியாயமில்லை.

ஒரு தொழிலாளிக்கு அரைப் பேர் போட்டால் நம் தலைவர் பெரட்டுக்களத்திலேயே நின்று சத்தம் போடுவார். மூன்று டிவிசனும் வேலைக்கு இறங்காது. அதே தலைவரிடம் ஒரு பெண் வீங்கிய முகத்தோடு போய் நின்றால் என்ன சொல்கிறார்? "குடும்பப் பிரச்சினைம்மா. நான் அவன்கிட்ட பேசுறேன்." கூப்பிடுகிறார், பேசுகிறார், இரண்டு பேரையும் கோயில் வாசலில் நிறுத்திச் சமாதானம் பண்ணுகிறார். அவள் அதே காம்பராவுக்குத் திரும்பிப் போகிறாள். தலைவரிடம் போனதற்கும் சேர்த்து வாங்குகிறாள். சில இடங்களில் தலைவரே அடிக்கிறவர். இதை எழுதக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். எழுதாமல் இருந்ததால்தான் இத்தனை காலம் இருந்தது.

நானும் தப்பவில்லை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை தினமும் தூங்கி விழுவாள். வீட்டுப்பாடம் செய்வதில்லை. நான் ஏசினேன், வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். தாயும் பிள்ளையும் வாரத்தில் இரண்டு மூன்று இரவு கோயில் மண்டபத்தில் படுக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது அவர்கள் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு நான் போட்ட சிவப்புக் கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன.

சங்கத்துக்கு இது புதிய வேலை இல்லை. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்தில் அவரோடு நின்று தொழிலாளர் மத்தியில் பாடியும் பேசியும் இயக்கம் வளர்த்தவர் மீனாட்சியம்மாள். 1984வரை அதே மலையில் வேலை செய்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடம் ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்துதான் சம சம்பளம் வாங்கினோம். அதற்கு முன்பு அதுவும் "வழக்கம்" என்றுதான் சொன்னார்கள். சமமாக வாங்கிய சம்பளத்தைக் கணவன் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போன கதையும் நமக்குத் தெரியும். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் சம்பளத்திலிருந்து சந்தா வெட்டப்படுகிறது. சந்தா கொடுக்கிறவளின் எலும்பு உடைவது எப்படிச் சங்கத்தின் வேலை இல்லாமல் போகும்?

என்ன செய்யலாம்

நிதியங்களுக்கு நான் எழுதி அனுப்பியது இது. விண்ணப்பத்தைத் தமிழில் வாங்குங்கள். புள்ளி போடும் குழுவில் ஆங்கிலம் தெரிந்த என்னைப் போன்ற ஒருத்தி போதாது. கொழுந்து எடுக்கும் இரண்டு பெண்களை உட்கார வையுங்கள், அவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆள் வையுங்கள், அன்றைய பேரைக் கொடுங்கள். புள்ளித் திட்டத்தின் முதல் கேள்வியாக இதைப் போடுங்கள்: அடி விழும் இரவில் இந்தப் பணத்தால் என்ன நடக்கும்? மறுநாள் காலையில் என்ன நடக்கும்? அதற்குப் பதில் எழுத முடியாத விண்ணப்பத்துக்கு மற்ற எதற்கும் புள்ளி வேண்டாம்.

சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. அடுத்த மாவட்டக் கூட்டத்திலும் வைப்பேன்.

ஒன்று, ஒவ்வொரு டிவிசனிலும் இரவில் கதவு திறக்கும் இரண்டு வீடுகளை மாதர் சங்கம் தெரிந்து வைக்க வேண்டும். அந்த வீட்டுக்கு யாராவது வம்புக்குப் போனால் அது சங்கத்தோடு வைத்துக்கொள்ளும் வம்பு என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதற்கு எந்த நிதியமும் பணம் தர வேண்டியதில்லை.

இரண்டு, அந்தப் பெண் கேட்காமல் எந்தத் தலைவரும் சமாதானம் பேசக் கூடாது. அவள் பொலிசுக்குப் போக வேண்டும் என்றால் சங்கத்திலிருந்து ஒரு பெண் கூடப் போக வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதக் கேட்பது நம் உரிமை. மகளிர் உதவி இலக்கம் 1938ஐ ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் எழுதி ஒட்டுவோம்.

மூன்று, சர்வதேசத் தொழில் அமைப்பு 2019இல் 190ஆம் சமவாயத்தை நிறைவேற்றியது. வேலை உலகில் வன்முறையும் தொந்தரவும் இருக்கக் கூடாது என்பது அது. அதோடு வந்த 206ஆம் பரிந்துரை, வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விடுமுறையும் வேலைநீக்கத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்பும் கொடுக்கலாம் என்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் நீதிமன்ற நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பதையும் மேசையில் வைப்போம்.

நான்கு, காணியும் வீடும் வரும்போது உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்போம். வெளியே போ என்று அவளிடம் யாரும் சொல்ல முடியாதபடி.

ஐந்து, மனைவியை அடிக்கிறவர் தலைவர் பதவியில் இருக்கக் கூடாது. யாப்பில் இதை எழுதுவோம். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

தோழர்களே, உங்களில் அடிக்காத பலரைப் பார்த்தும் இதைக் கேட்கிறேன். பக்கத்துக் காம்பராவில் சத்தம் கேட்கும்போது ரேடியோவைக் கூட்டி வைக்காதீர்கள். கதவைத் தட்டி, "அண்ணே, என்னா நடக்குது?" என்று கேளுங்கள். ஒரு லயத்தில் மூன்று ஆண்கள் அப்படி எழுந்து வந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடியும்.

விண்ணப்பக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த அக்காவிடம் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன்: "ஒம்பது மணியோ பன்னெண்டு மணியோ, நம்ம கதவத் தட்டுங்க. தாழ்ப்பாள் போட மாட்டேன்." மீதிப் பாதியைச் சங்கம் சொல்ல வேண்டும்.

— நோர்வூட் தோட்டப் பாடசாலை ஆசிரியை, சங்க அமைப்பாளர்